யார் இந்த ‘வதம்பி’?

டெர்மினல் சட், அதாவது கட்டளைத் திரையிலேயே இரண்டு பேர் பேசிக்கொள்ளும் புரோகிராம், எழுதுவதென்றால் எல்லோருக்கும் சொக்கெட்டில்தான் (கணினிகளை இணைக்கும் நெட்வேர்க் வாசல்) பயம். திருகோணமலையில் ஒரே றவுட்டரில் இரண்டு லினக்ஸ் மடிக்கணினி, பைத்தன். சொக்கெட் பத்து நிமிடத்தில் பேசிவிட்டது. இரண்டு நாளைத் தின்றது கீபோட்.

வழக்கம்போல அனுப்ப ஒரு த்ரெட் (புரோகிராமுக்குள் தனியே ஓடும் வேலை), வாங்க ஒரு த்ரெட். “நாளைக்கு நிலாவெளிக்கு வ” வரை அடித்திருக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து “தம்பி, கரண்ட் போயிட்டுது” வந்து விழுந்தது. திரையில்: “நாளைக்கு நிலாவெளிக்கு வதம்பி, கரண்ட் போயிட்டுது”. அடித்தது தொலையவில்லை. இயங்குதளத்தின் மையமான கேர்னலின் வரி பஃபரில் (தற்காலிகச் சேமிப்பில்) பத்திரமாக இருக்கிறது, என்டர் தட்டினால் முழுதாகப் போகும். ஆனால் என்டர் விழும்வரை அந்த பஃபரை நம் புரோகிராமால் பார்க்க முடியாது. பார்க்க முடியாததைத் திரும்ப வரைவது எப்படி?

ஆகவே வரிவரியாகத் தரும் கனோனிக்கல் நிலையையும், அடிப்பதைத் தானே திரையில் காட்டும் எக்கோவையும் நிறுத்தி, ஒவ்வொரு விசையையும் உடனே தரும் சிபிரேக் நிலைக்குப் போய், அடிப்பதை நாமே ஒரு பஃபரில் வைக்க வேண்டும். மெசேஜ் வந்தால் கேரேஜ் ரிட்டேர்ன் (வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும் குறி), வரியை அழிக்கும் எஸ்கேப் குறி, மெசேஜ், புதுவரி, பிறகு ப்ரொம்ப்டும் (அடிக்கும் இடத்துக்கு முன் நிற்கும் குறி) பஃபரும். இவை எல்லாவற்றையும் ஒரே ரைட்டில் (எழுதும் அழைப்பில்) அனுப்புங்கள். த்ரெட் இரண்டையும் தூக்கிவிட்டு எதில் தரவு வந்திருக்கிறது என்று சொல்லும் செலெக்ட்டில் கீபோடையும் சொக்கெட்டையும் சேர்த்துக் கவனித்தால், த்ரெட்கள் மோதாமல் பூட்டும் லொக் தொல்லையும் இல்லை.

அடுத்த அடி தமிழிலிருந்து. எழுத்தை பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘க’ 3 பைட், ‘கொ’ 6 பைட். கீபோடில் அடிப்பது வந்துசேரும் பைத்தனின் ஸ்டான்டர்ட் இன்புட்டில் ஓரெழுத்து கேட்டால் அது இருப்பதையெல்லாம் தன் பஃபருக்குள் இழுத்துக்கொண்டு ஒன்றைத்தான் தரும். மிச்சம் உள்ளே கிடக்க, செலெக்ட் ‘ஒன்றுமில்லை’ என்று சாதிக்கும். அடுத்த விசை தட்டும்வரை எழுத்து தெரியாது. அந்த பஃபரைத் தொடாத ஓஎஸ் ரீட்டால் (os.read) நேரடியாக வாசித்தால் தீர்ந்தது. சொக்கெட்டிலும் இதே பொறி: 1024 பைட் நிரம்ப வந்தால் 341 தமிழ்க் குறிகள் போக 1 பைட் அந்தரத்தில் தொங்கும், பைட்டை எழுத்தாக்கும் டிகோட் வெடிக்கும். அரைகுறை பைட்டை மிச்சம் வரும்வரை பிடித்துவைக்கும் இன்கிரிமென்டல் டிகோடர் கீபோடுக்கு ஒன்று, சொக்கெட்டுக்கு ஒன்று வையுங்கள். பேக்ஸ்பேஸுக்குக் கேர்சரை ஓரிடம் பின்னே தள்ளிப் பார்க்காதீர்கள். ‘ொ’ எத்தனை கட்டம் என்பதில் டெர்மினலுக்கு டெர்மினல் கருத்து வேறுபாடு. முழு வரியையும் திரும்ப வரையுங்கள்.

அடித்தது திரையின் அகலத்தைத் தாண்டினால் அந்த எஸ்கேப் குறி கடைசி வரியை மட்டுமே அழிக்கும். மேலே மிஞ்சுவது பேய்மாதிரி நிற்கும்.

மற்றவர் போனதும் ரிசீவ் வெற்று பைட் தரும். அதைப் பிடித்து சொக்கெட்டை மூடாவிட்டால் செலெக்ட் விடாமல் திரும்பிக்கொண்டே இருக்கும், மடிக்கணினி விசிறி இரையும். பழைய டெர்மினல் அமைப்பைத் திருப்பி வைக்கும் வரி, புரோகிராம் பிழையில் விழுந்தாலும் ஓடும் ஃபைனலிக்குள் இருக்கட்டும். மறந்து புரோகிராம் விழுந்தால் அடிப்பது தெரியாது; குருடாக ‘ரீசெட்’ அடித்து என்டர், அதுவும் கேட்காவிட்டால் கன்ட்ரோல்+ஜே.

எல்லாம் சரியென்று பென்டிரைவில் போட்டு டொக்யாட் வீதிக்குக் கொண்டுபோனால் அங்கே விண்டோஸ். தொடக்கத்திலேயே பிழை: டெர்மினல் அமைப்பை மாற்றும் termios விண்டோஸில் இல்லை. அதைத் தாண்டினாலும் 10038 பிழை: விண்டோஸின் செலெக்ட் சொக்கெட்டை மட்டுமே ஏற்கும். வெயிலில் போனது வீண். இரண்டிலும் ஓட வேண்டுமானால் ப்ரொம்ப்ட் டூல்கிட் என்ற பைத்தன் நூலகம். வரும் மெசேஜை ப்ரொம்ப்டுக்கு மேலே அச்சிடும் வேலையை அதன் பேட்ச் ஸ்டான்டர்ட் அவுட் பார்த்துக்கொள்ளும்.