இரண்டு பேண்டும் வந்த கல்ச்சர்

"ரெண்டு பேண்டும் பளிச்சுனு வந்திருக்கே மேடம், அப்புறம் ஏன் தூக்கிப் போடணும்?" ஜெல் படத்தில் மரபணுக்கள் இருப்பதைக் காட்டும் இரண்டு கோடுகளைக் காட்டி, எங்கள் ஆய்வகப் பையன் ஒரு காளான் கல்ச்சரைப் பற்றிக் கேட்டது இன்னும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

"பேண்ட் வந்தா ஜீன் இருக்குன்னுதான் அர்த்தம். அது வேலை செய்யுதுன்னு இல்லை" என்றேன். அந்தக் கல்ச்சர் இருந்த எல்லாக் குழாய்களையும், நீராவியில் கொன்றுவிடும் ஆட்டோகிளேவில் ஏற்றச் சொல்லிவிட்டேன்.

கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸ் என்ற மருந்துக் காளானை வளர்ப்பவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். தட்டு மாற்றித் தட்டு வளர்க்க வளர்க்க, கல்ச்சர் ஒருநாள் சோர்ந்துவிடும். அரிசிப் பாட்டிலில் வெள்ளையாகப் படர்ந்து, காளான் எழாமலே நின்றுவிடும். எது எதோடு இணையும் என்று தீர்மானிக்கும் இணைவகை மரபணுக்களான மேட்1-1, மேட்1-2 இரண்டில் ஒன்று வழியில் தொலைந்துபோவது இதற்கு ஒரு காரணம். அதனால்தான் முதலில், மரபணுவைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனை போட்டோம். இரண்டுமே இருந்தன.

நான் சொன்னதில் தப்பில்லை. நீல ஒளியை உணரும் டபிள்யூசி-1 மரபணுவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை நீக்கினால் மஞ்சள் நிறமியான கரோட்டினாய்டு குறைகிறது, காளான் ஒழுங்காக வளர்வதில்லை. இணைவகை சரியாக இருப்பது மட்டும் போதாது. எங்கள் தட்டும் விளக்கடியில் மஞ்சளேறவே இல்லை. ஊசி முனை பட்டால் அமுங்கும் வெறும் வெள்ளைப் பஞ்சு. ஸ்டார்ச் தட்டில் அயோடின் ஊற்றியும் பார்த்தோம். அமைலேஸ் என்ற நொதி மாவைக் கரைத்த இடம் நீலக்கருப்புக்கு நடுவே தெளிந்த வளையமாகத் தெரியும். நல்ல வகையைச் சுற்றி அது அகலமாக இருந்தது, இதைச் சுற்றி ஒரு கோடு மாதிரி. மாவை உடைக்கத் திணறும் பூஞ்சை அரிசியில் எப்படித் தேறும்? அன்று எனக்கு இது போதுமானதாக இருந்தது.

ஆனால் அந்தக் கல்ச்சர் பழைய ஸ்லாண்டிலிருந்து, அதாவது குழாயில் சாய்வாக உறையவைத்த ஊடகத்திலிருந்து, எடுத்தது. நொதி குறைந்ததற்கு வகை காரணமா, வயது காரணமா? பையன் இதைத்தான் வேறு விதமாகக் கேட்டான். "ஒரே ஒரு குழாய் வச்சுக்கலாம் மேடம். கொனிடியா வித்துகளைத் தனித்தனியாப் பிரிச்சு, இணைவகை பார்த்து, மறுபடி சேர்த்துப் பார்க்கலாம்." நல்ல யோசனை, வழக்கத்தில் இருப்பதும்கூட. நான் மறுத்தேன். சோர்ந்த கல்ச்சர் குளிர்பெட்டியில் இருந்தால் அவசரத்தில் யாராவது அதை எடுத்து விதைத்துவிடுவார்கள். மருந்தாக நம்பிச் சாப்பிடுபவருக்குப் போகிற பொருள் இது. அந்தப் பயம் நியாயமானதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அப்புறம் இன்னொன்றும் தோன்றுகிறது. இந்தக் காளானின் மருந்துப் பொருளான கார்டிசெபினைப் பிரித்தெடுத்தது 1950-இல். அதைத் தயாரிக்கும் சிஎன்எஸ் மரபணுத் தொகுப்பு பிடிபட 2017 வரை ஆனது. அதிலும் அந்தத் தொகுப்பின் சிஎன்எஸ்3 ஒரே நேரத்தில் பென்டோஸ்டாட்டின் என்ற இன்னொரு மூலக்கூறையும் செய்து, அடினோசின் டிஅமினேஸ் என்ற நொதி கார்டிசெபினைச் சிதைக்காமல் காக்கிறது. ஒரு மூலக்கூறுக்கே இத்தனை ஏற்பாடு வைத்திருக்கும் உயிரை, ஒரு வளையத்தையும் ஒரு நிறத்தையும் வைத்து முடித்துவிட்டேனே என்று சில நாள் தோன்றும். சில நாள், உற்பத்திக்கு நடுவே வேறு எதை வைத்து முடிவெடுப்பது என்றும் தோன்றும்.

இன்று அதே தட்டு வந்தாலும் பாட்டிலுக்கு அனுப்ப மாட்டேன். ஒரு குழாயைத் தனியாக எழுதி ஒட்டி, பூட்டி வைப்பேன் என்று நினைக்கிறேன். அவன் கேட்காமல் இருந்திருந்தால் அது எனக்கே தோன்றியிருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.