வாப்பிச்சி மரிக்காரை எமக்குக் காட்டித் தந்த சேர்

சரித்திரம் படிப்பித்த சேர் வபாத்தான செய்தி கடல் கடந்து எம்மை எட்டியபோது ஜனாஸாவும் அடக்கியாகிவிட்டது. மருதானையில் அவரிடம் படித்த எவருக்கும் வாப்பிச்சி மரிக்காரின் பெயரை வாசித்தால் அவர் குரலும் சேர்ந்தே கேட்கும். பழைய மாணவர் சங்க மலருக்கு அவரைப் பற்றி எழுதுவதென்றால் மரிக்கார் என்ற அந்தக் கட்டடக் கொந்தராத்துக்காரரைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

எங்கள் பாடசாலையான ஸாஹிராக் கல்லூரி 1892இல் தொடங்கிய கதையில் முஸ்லிம் கல்வி முன்னோடி சித்திலெப்பையின் அறிவும், எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த ஒறாபி பாஷாவின் ஊக்கமும் எல்லோர் வாயிலும் வரும். சேர் நீண்ட நேரம் நின்றது வாப்பிச்சி மரிக்காரிடம். கொழும்பு நூதனசாலையின் வரைபடம் ஜேம்ஸ் ஸ்மிதருடையது. கட்டி முடித்தவர் இவர். தேசாதிபதி கிரெகரியின் காலத்தில், 1877 ஜனவரி 1ஆம் திகதி அது திறக்கப்பட்டது. என்ன வெகுமதி வேண்டும் என்று கேட்டதற்கு, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவிடும்படி மரிக்கார் கேட்டார் என்று பரம்பரையாகச் சொல்வார்கள். பேச்சுப் போட்டிகளில் எல்லோரும் அந்த இடத்தோடு முடிப்போம். "சுவரை எப்படி எழுப்பினார் என்று யாராவது சொல்லுங்களேன்" என்பார் சேர்.

பிறகு அவரே சொல்வார். கரையோரத்து முருகைக்கல்லைச் சுட்டெடுத்த சுண்ணாம்பை நீற்றி நன்றாக ஊறவிட வேண்டும். நீறாத கட்டி ஒன்று சாந்தோடு போனால் பின்னர் சுவருக்குள் நீறி, பருத்து, பூச்சைத் தள்ளிவிடும். செங்கல்லை நனைக்காமல் வைத்தால் சாந்தின் ஈரத்தைக் கல் குடித்துவிடும், பிடிப்பு வராது. சுண்ணாம்புச் சாந்து காற்றுப் பட்டு மெதுவாகத்தான் இறுகும் என்பதால் ஒரே மூச்சில் வரிமேல் வரி ஏற்றவும் கூடாது. புறக்கோட்டைப் பக்கம் பழைய சுவரொன்றில் பிற்காலத்துச் சீமெந்துப் பூச்சு உப்புப் பூத்து உரிந்த இடத்தை விரலால் தட்டி, உதிர்ந்த வெண்பொடியை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார். உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை, அதுதான் காரணம்.

கொந்தராத்தின் பணக் கணக்கையும் விட்டுவைக்கமாட்டார். செய்த வேலையை அளந்து பார்த்த பிறகே அரசாங்கம் காசு தரும். மேசன்மாருக்கும் கூலியாட்களுக்கும் அதுவரை காத்திருக்க முடியாது. அந்த இடைவெளியைத் தாங்கக் கையிருப்பு இல்லாதவர் வேலையைப் பாதியில் விடுவார். பாடசாலை நடத்துவதும் இதே கணக்குத்தான் என்று சேர் சொன்னதை நான் இன்றும் நம்புகிறேன். 1921இல் ரி. பி. ஜாயா ஸாஹிராவின் அதிபராகப் பொறுப்பேற்றதும், 1948இல் ஏ. எம். ஏ. அஸீஸ் சிவில் சேவையையே விட்டு அதிபராக வந்ததும் அந்த இடைவெளியைத் தம் உழைப்பால் தாங்கிய செயல்கள். அஸீஸ் அதிபராகும் முன்பே, 1945இல், முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தைத் தொடங்கியிருந்தார். கட்டடத்துக்குக் கொடுப்பவரின் பெயர் கல்லில் ஏறும். ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை மாதாமாதம் ஏற்பவரை அந்தப் பிள்ளைக்கு மட்டுமே தெரியும்.

சங்கம் இம்முறை திரட்டும் பணத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று முதலாக வைத்து, வருமானத்தை மட்டும் செலவழிக்கலாம். கூரை, பீலி, தண்ணீர்க் குழாய் இவற்றுக்கு எவரும் நன்கொடைப் பலகை வைப்பதில்லை. பழைய கட்டடங்களைத் தின்பதோ இவற்றில் தொடங்கும் ஒழுக்குத்தான். மே மாத மழைக்கு முன் ஏணி வைத்து ஏறிப் பார்க்கவேண்டிய வயதில் நாம் எல்லோரும் வெளிநாடு வந்துவிட்டோம். காசு அனுப்புகிறோம், ஏறிப் பார்க்க முடிவதில்லை. சேர் இதை ஒருநாளும் எம்மிடம் குறையாகச் சொன்னதில்லை. ஏப்ரல் விடுமுறைக்குக் கொழும்பு போகிறவர்கள் ஒரு மேசனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்து, ஆகும் செலவைச் சங்கத்துக்கு எழுதுங்கள்.