சிரிக்காத மாஸ்டர்

1989-இல் பிரிந்து, 2019-இல் மறுபடி மூன்றாக உடைந்தாலும் நம் வேலூர் மாவட்டம் நமக்கு இன்னும் வடாற்காடுதான். அங்கே நம் பாலிடெக்னிக் பட்டறை மாஸ்டர் இறந்துபோய்விட்டார். இங்கே கம்பெனிகள் ‘பாசிட்டிவிட்டி’ சொல்லித்தர ஆள் வைத்துப் பலூன் கட்டுகின்றன. மாஸ்டர் சிரித்து நம் செட்டில் யாரும் பார்த்ததில்லை.

ஆனால் இரும்பில் துளை போடும் டிரில் பிட் முறிந்தால் அவரிடம் ஓடிப்போய்ச் சொல்லலாம். “யாருடா?” வராது, “இன்னாடா ஆச்சு?”தான் வரும். துளைக்கும் இடத்தில் சென்டர் பஞ்சால் குழி வைத்தாயா? முதலில் 4 மி.மீ. பைலட் துளை போட்டாயா? மைல்டு ஸ்டீலில் 10 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 800 சுற்று போதுமே, எவ்வளவு வைத்தாய்? கடைசியில் காரணம் அநேகமாக ஒன்றுதான்: துளை மறுபக்கம் திறக்கும்போது கையைத் தளர்த்தாமல் அழுத்தியது. பிட் கடித்துக்கொண்டு முறியும். திட்டுக்குப் பயந்து முறிந்ததைத் துடைக்கும் காட்டன் வேஸ்ட்டில் ஒளித்தால், அடுத்த பேட்ச் பையனும் அதே இடத்தில் முறிப்பான்.

டொயோட்டாவில் கோளாறு கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து உதவிக்கு ஆளைக் கூப்பிடுவதும் இதே கணக்குத்தான். ஹார்வர்டு ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக நடந்த குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே சொல்லப் பயமில்லை.

பாராட்டிலும் மாஸ்டர் கறார். பொத்தாம் பொதுவாக “சபாஷ்” கிடையாது. அரம் போட்ட விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்து, “இங்க பிசிறே இல்ல. ஃபைலை எப்படிப் புடிச்சே, இவனுங்களுக்குக் காட்டு” என்பார். எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று பையனுக்கு அப்போதே தெரிந்துவிடும். வேலை மேசையிலேயே, சூடு ஆறுவதற்குள் சொன்னால்தான் அது பிடிக்கும். வருடக் கடைசி மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதிப் பயனில்லை.

பொய் நம்பிக்கைதான் அவருக்கு ஆகாது. 25 மி.மீ. இருக்க வேண்டிய இரும்புத் தண்டை (ஷாஃப்ட்) லேத்தில் 24.8-க்குக் கடைந்துவிட்டு “பரவால்ல சார், சரியாயிடும்” என்ற நம் நண்பனிடம் பேரிங்கைக் கொடுத்து மாட்டச் சொன்னார். லொடலொட. சீவிய இரும்பு திரும்ப ஒட்டாது. வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, அவனுக்குப் புதுத் துண்டு எடுத்துக் கொடுத்தார்.

அவரிடம் பழகிய கைகள் இப்போது சவூதியின் தம்மாமிலும் கனடாவின் டொராண்டோவிலும் இருக்கின்றன. லேத்துகள் இன்னும் நம் பட்டறையிலேயே இருக்கின்றனவாம். சொல்லிக்கொடுக்கத்தான் வருடத்துக்கு ஒரு தற்காலிக ஆள் வந்து போகிறாராம்.