ஜிப், ஐஎஸ்ஓ, க்யூ: பழைய கேம்களை முழுசாகத் திறப்பது

டவுன்லோட் பண்ணிய பழைய கேம் ஓடவில்லை என்றால், பெரும்பாலும் கேம் மேல் தப்பு இருக்காது. வந்திருப்பது சுருக்கிக் கட்டிய பொட்டலமா, ஒரு சிடியின் நகலா என்று பார்க்காமலே திறக்கப் போவதுதான் காரணம். இரண்டையும் திறக்கும் விதம் வேறு வேறு.

சிவகாசியில் டிடிபி வேலை பார்க்கிறேன். காலண்டர், லேபிள், பட்டாசுப் பெட்டி டிசைன் என்று பகல் முழுக்க ஜிப் பண்ணி அனுப்புவதும், வந்த ஜிப்பைப் பிரிப்பதுமாகவே போகும். ராத்திரி வீட்டில் உட்கார்ந்தால் 90களின் கேம்கள். சொந்தத்தில் யாருக்கு கேம் ஓடவில்லை என்றாலும் எனக்குத்தான் போன் வரும்.

போன வாரம் தங்கை மகன் கூப்பிட்டான். "மாமா, செட்டப்பை அமுக்கினா ஏதோ டிஎல்எல் இல்லைன்னு வருது."

"டேய், ஜிப்புக்குள்ள இருந்தே அமுக்கினியா?"

"ஆமா மாமா. ஃபோல்டர் மாதிரிதானே திறக்குது?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. விண்டோஸ் ஒரு ஜிப் ஃபைலை ஃபோல்டர் போலவே காட்டும். ஆனால் உள்ளே இருக்கும் செட்டப்பை இரட்டைக் கிளிக் செய்தால், அந்த ஒரு ஃபைலை மட்டும் டெம்ப் ஃபோல்டரில் பிரித்துப் போட்டு ஓட்டப் பார்க்கும். கூட இருக்க வேண்டிய டிஎல்எல்களும் (புரோகிராம் ஓடும்போது துணைக்குக் கூப்பிடும் ஃபைல்கள்) டேட்டா ஃபைல்களும் ஜிப்புக்குள்ளேயே இருந்துவிடும். செட்டப் பக்கத்தில் தேடும், கிடைக்காது, நின்றுவிடும். ரைட் கிளிக் செய்து எல்லாவற்றையும் எக்ஸ்ட்ராக்ட் பண்ணிவிட்டு, பிரித்த ஃபோல்டருக்குள் போய் ஓட்ட வேண்டும்.

எக்ஸ்ட்ராக்ட் பண்ண நான் பயன்படுத்துவது 7-ஜிப். இகோர் பாவ்லோவ் 1999இல் வெளியிட்டது, இன்றைக்கும் இலவசம். ஃபில் கட்ஸ் 1989இல் கொண்டுவந்த ஜிப், யூஜீன் ரோஷல் 1993இல் கொண்டுவந்த ரார் இரண்டையும் அது பிரித்துவிடும். பார்ட் 1, பார்ட் 2 என்று துண்டு துண்டாக வரும் ரார் ஃபைல்களை நிறையப் பேர் ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்க்கிறார்கள். தேவையில்லை. எல்லாத் துண்டும் ஒரே ஃபோல்டரில், பெயர் மாறாமல் இருக்க வேண்டும். முதல் துண்டை மட்டும் பிரித்தால் மற்றதை அது தானே எடுத்துக்கொள்ளும். பிரிக்கும் முன் 7-ஜிப்பில் டெஸ்ட் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் சிஆர்சி என்று ஒரு சரிபார்ப்பு எண் உள்ளேயே பதிந்திருக்கும். அது ஒத்துப்போகாவிட்டால் டவுன்லோட் பாதியில் கெட்டிருக்கிறது, திரும்ப இறக்குவதுதான் வழி.

இங்கே தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. தங்கை மகனுடைய லேப்டாப்பில் யூசர் பெயரைத் தமிழில் போட்டிருந்தார்கள், அதனால் யூசர் ஃபோல்டரும் தமிழிலேயே இருந்தது. பார்க்க அழகுதான். ஆனால் 90களின் கேம்கள் பெரும்பாலும், எல்லா மொழி எழுத்துகளையும் ஒரே அட்டவணையில் வைக்கும் யூனிகோடுக்கு முந்திய முறையில் எழுதப்பட்டவை. ரஷ்ய மொழிக்கும் ஜப்பானிய மொழிக்கும் விண்டோஸில் அந்தப் பழைய முறையிலேயே தனி எழுத்து அட்டவணை உண்டு. தமிழுக்கு அப்படி ஒன்று கிடையாது, யூனிகோடில் மட்டும்தான் தமிழ். ஆகவே பழைய கேம் அந்த ஃபோல்டர் பெயரைக் கேட்டால் வெறும் கேள்விக்குறிகள்தான் போய்ச் சேரும். அந்த யூசர் ஃபோல்டருக்குள் இருக்கும் டெஸ்க்டாப்பிலோ டவுன்லோட்ஸிலோ வைத்தால் ஓடாத கேம், சி டிரைவில் நேராக கேம்ஸ் என்று ஆங்கிலத்தில் ஒரு ஃபோல்டர் போட்டு அதில் வைத்ததும் ஓடும். தமிழ் எழுத்துருக்களோடு பகல் முழுக்க மல்லுக்கட்டுகிற எனக்கு இது புதிதில்லை. மற்றவர்கள் இதைக் கண்டுபிடிப்பதற்குள் கேமையே அழித்துவிடுகிறார்கள்.

சரி, அவன் இறக்கியது ரெட் அலர்ட். வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் 1996இல் வெளியிட்ட கேம். பின்னாளில் உரிமை ஈஏ நிறுவனத்திடம் போனது. அவர்கள் 2007இல் அதே வரிசையின் முதல் கேமான கமாண்ட் அண்ட் கான்கரையும், 2008இல் ரெட் அலர்ட்டையும் இலவசமாக விட்டார்கள். விட்டது ஐஎஸ்ஓ ஃபைல்களாக. ரெட் அலர்ட்டுக்கு இரண்டு: நேச நாடுகளின் சிடி ஒன்று, சோவியத் சிடி ஒன்று. கடையில் விற்ற தட்டுகள் எப்படி இருந்தனவோ அப்படியே.

ஐஎஸ்ஓ என்பது சிடியில் இருக்கும் தகவலை வரிசை மாறாமல் ஒரே ஃபைலாக எடுத்த நகல். விண்டோஸ் 8 முதல் இதற்குத் தனி மென்பொருள் வேண்டாம். இரட்டைக் கிளிக் செய்தால் புதிதாக ஒரு டிரைவ் எழுத்து வரும், கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஒரு சிடி உள்ளே போயிருக்கிறது. இதைத்தான் மவுண்ட் செய்வது என்பார்கள். முடிந்ததும் அந்த டிரைவை ரைட் கிளிக் செய்து எஜெக்ட் கொடுத்தால் போய்விடும். வின்ரார் போட்டிருக்கும் கம்ப்யூட்டர்களில் மட்டும் ஐஎஸ்ஓவை அது தன்னுடையதாக எடுத்துக்கொண்டு திறக்கும். அப்போது ஓப்பன் வித் போய் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

'ஐஎஸ்ஓவையும் ஜிப் மாதிரி 7-ஜிப்பில் பிரித்துவிடலாமே' என்று கேட்பார்கள். பிரியும். ஆனால் ரெட் அலர்ட் போன்ற கேம்கள் ஓடும்போது சிடியின் பெயரைக் கேட்டுப் பார்க்கும். நேச நாடுகள் சிடியின் பெயர் சிடி1, சோவியத் சிடியின் பெயர் சிடி2. சோவியத் பக்கம் விளையாட ஆரம்பித்தால் சிடி2 என்ற பெயரில் ஒரு தட்டு இருக்கிறதா என்று டிரைவ்களில் தேடும், இல்லையென்றால் சிடியைப் போடச் சொல்லும். இந்தப் பெயர் எந்த ஃபைலிலும் இல்லை, தட்டுக்கே வைத்து அதன் தகவலோடு பதிந்திருப்பது. ஃபோல்டராகப் பிரித்தால் அது போய்விடும், மவுண்ட் செய்தால் அப்படியே இருக்கும். ஈஏ 2025இல் ரெட் அலர்ட்டின் மூல நிரலையும், யாரும் எடுத்துப் பயன்படுத்த விடும் ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டுவிட்டது. அதைத் திறந்தால் இந்தப் பெயர்ப் பட்டியலை நாமே பார்க்கலாம். கேமின் மூல நிரலையே நம் கையில் கொடுப்பது பெரிய விஷயம், அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

மவுண்ட் செய்த சிடிக்குள் மெயின்.மிக்ஸ் என்று ஒரு பெரிய ஃபைல் இருக்கும். சிடியின் பெரும்பகுதி அதுதான். மிக்ஸ் என்பது வெஸ்ட்வுட்காரர்களே செய்துகொண்ட பொட்டல வடிவம். அதற்குள் படக் காட்சிகளுக்கு ஒரு மிக்ஸ், இசைக்கு ஒரு மிக்ஸ் என்று உள்ளே உள்ளே போகும். ஃப்ராங்க் க்ளெபாக்கியின் இசை அதில் சாதாரண ஃபைல்களாகவே இருக்கிறது. இது ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

தங்கை மகனுக்கு அடுத்த தடை செட்டப். அந்தக் காலத்தில் கேம் 32 பிட்டாக இருந்தாலும் அதை நிறுவுகிற செட்டப் பல சமயம் 16 பிட்டாக இருக்கும். 64 பிட் விண்டோஸ் 16 பிட் புரோகிராமை ஓட்டாது. கம்பாட்டிபிலிட்டி மோடில் விண்டோஸ் 95 என்று வைத்தாலும் பலன் இல்லை. அதனால் அவனுக்கு ஓப்பன்ஆர்ஏ போட்டுக் கொடுத்தேன். ரசிகர்கள் புதிதாக எழுதிய இன்ஜின் அது. மவுண்ட் செய்த சிடியைக் காட்டினால் தனக்கு வேண்டிய ஃபைல்களைத் தானே எடுத்துக்கொள்ளும். பழைய கேம் அச்சு அசலாக வேண்டுமென்றால் சிஎன்சிநெட் என்ற ரசிகர் தளம் இருக்கிறது.

இனி குவேக் என்ற துப்பாக்கிச் சண்டை கேம். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ப்ரவுசிங் சென்டர் காலத்தில் நாங்கள் குவேக்கை லேனில் ஆடித் தீர்த்தோம். எல்லா மெஷினிலும் ஒரே ஃபோல்டரை காப்பி செய்து வைத்திருந்தார்கள். உள்ளே பாக்0, பாக்1 என்று இரண்டு ஃபைல்கள், அதில்தான் மொத்த கேமும் இருப்பதாக எல்லாரும் நினைத்தோம். துப்பாக்கிச் சத்தம், பூதங்களின் உறுமல், தூரத்தில் கதவு இழுபடும் சத்தம் எல்லாம் கேட்கும். இசை மட்டும் கிடையாது. குவேக் இப்படி மௌனமான கேம் என்றே பல வருடம் நம்பிக்கொண்டிருந்தோம்.

குவேக்குக்கு இசை உண்டு. நைன் இன்ச் நெயில்ஸ் குழுவின் ட்ரெண்ட் ரெஸ்னர் அமைத்தது. ஆணித் துப்பாக்கியின் தோட்டாப் பெட்டி மேல் அந்தக் குழுவின் சின்னம்கூட இருக்கிறது. ஆனால் அந்த இசை பாக் ஃபைலுக்குள் இல்லை. 1996இல் வந்த குவேக் சிடியில் முதல் டிராக் மட்டும்தான் டேட்டா. இரண்டு முதல் பதினொன்று வரை பாட்டு சிடியில் இருப்பது போன்ற ஆடியோ டிராக்குகள். டேப் ரிக்கார்டர் கடையில் விற்கும் சாதாரண சிடி பிளேயரில் போட்டாலும் பாடும். ஃபோல்டரை காப்பி செய்தவர்கள் கையில் முதல் டிராக் மட்டுமே வந்தது.

ஐஎஸ்ஓவாக எடுத்தாலும் இதே கதைதான். சிடியில் ஒரு செக்டரின் அளவு 2352 பைட். டேட்டா டிராக்கில் அதில் 2048 பைட்தான் நமக்கு வேண்டிய தகவல், மீதி செக்டர் முகவரிக்கும் பிழை திருத்தத்துக்கும் போகிறது. ஐஎஸ்ஓ அந்த 2048ஐ மட்டும் எடுத்து அடுக்கும். ஆடியோ டிராக்கில் 2352 பைட்டும் ஒலிதான், அதை வைக்க ஐஎஸ்ஓவில் இடமே இல்லை. ரெட் அலர்ட்டின் இசை ஃபைலாக இருந்ததால் ஐஎஸ்ஓ போதுமாக இருந்தது. குவேக்குக்கு அது போதாது.

அதற்காக இருப்பதுதான் பின், க்யூ ஜோடி. பின் ஃபைலில் செக்டர்கள் முழுசாக, 2352 பைட்டோடு இருக்கும். க்யூ என்பது சின்ன டெக்ஸ்ட் ஃபைல், நோட்பேடில் திறந்து படிக்கலாம். முதல் வரியில் பின் ஃபைலின் பெயர் மேற்கோள்குறிக்குள் இருக்கும். அதன்கீழ் டிராக் 01 டேட்டா, டிராக் 02 ஆடியோ, ஒவ்வொன்றும் எந்த நிமிடம், எந்த நொடி, எந்த ஃப்ரேமில் தொடங்குகிறது என்று வரிசையாகப் போகும். ஒரு நொடிக்கு 75 ஃப்ரேம். பின் ஃபைலின் பெயரை மாற்றிவிட்டால் க்யூ அதைக் கண்டுபிடிக்க முடியாமல் நிற்கும். முதல் வரியில் புதுப்பெயரைத் தட்டிச் சேமித்தால் சரியாகிவிடும். க்யூ சிறியதாக இருக்கிறதே என்று அதை அழித்துவிட்டு பின்னை மட்டும் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் மனசு பதறும்.

விண்டோஸ் தானாக க்யூவை மவுண்ட் செய்யாது. பழைய டாஸ் கேம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் செய்யும், ஆடியோ டிராக்கோடு சேர்த்தே. குவேக்கில் முதல் பகுதி மட்டும்தான் இலவசமாக விடப்பட்டது, முழு கேமை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். நான் கேம் விற்கும் தளமான ஜிஓஜியில் வாங்கினேன். அங்கே டாஸ் கேம்கள் பலவற்றில் பின் ஃபைலே ஜிஓஜி என்ற பின்னொட்டோடு இருக்கும், கூடவே க்யூவும் இருக்கும்.

ஹெட்போன் மாட்டி முதல் லெவலுக்குள் போனேன். மூலைக்கு மூலை மனப்பாடமான இடம். ஆனால் சுவருக்குப் பின்னால் இருந்து வருவது போல ஒரு முனகல் ஏறி ஏறி வந்தது, அந்தப் படிக்கட்டில் இறங்கவே தயங்கினேன். அத்தனை வருடம் ஆடியது பாதி கேம்தான் என்று அப்போதுதான் புரிந்தது. அதனால்தான் இசையையும் படக் காட்சியையும் வெட்டிவிட்டுச் சின்னதாக்கிய காப்பிகளை யார் கேட்டாலும் வேண்டாம் என்கிறேன். 650 எம்பி அன்றைக்குப் பெரிசு. இன்றைக்கு ஒரு கல்யாண வீடியோவில் கால்வாசி வராது.

பாதுகாப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லும் எந்த கேமையும் தொடாதீர்கள். பாஸ்வேர்ட் போட்ட ரார் ஃபைலுக்குள் ஆன்டிவைரஸால் பார்க்க முடியாது, பாஸ்வேர்ட் போடுவதே பல நேரம் அதற்காகத்தான். இணையத்தில் இருந்து வந்த ஃபைல் என்று விண்டோஸ் குத்தும் அடையாளம், ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் ஃபைல்களுக்கு ரொம்ப நாள் போய்ச் சேராமல் இருந்தது. வைரஸ் அனுப்புகிறவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. 2022 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்தது. அப்டேட் போடாத விண்டோஸில் ஐஎஸ்ஓவைத் திறக்கும்போது இன்னும் கவனம் வேண்டும்.

கடையில் வாங்கிய ஒரிஜினல் சிடியே ஓடவில்லை என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். அது நகலெடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் பூட்டு உள்ள கேமாக இருக்கலாம். அந்தப் பூட்டுக்கு வேண்டிய டிரைவர் பாதுகாப்புக்கு ஆபத்து என்று விண்டோஸ் 10இல் அறவே இல்லை. பழைய விண்டோஸ்களிலும் 2015 செப்டம்பர் அப்டேட்டில் முடக்கிவிட்டார்கள். பூட்டு நீக்கி மறுபடி வெளியிட்ட பதிப்பு இருந்தால் அதை வாங்குவதே நல்லது.

வீட்டில் பழைய கேம் சிடி இருந்தால் இந்த வாரமே நகல் எடுத்துவையுங்கள். இலவசமாகக் கிடைக்கும் இம்ஜ்பர்ன் போதும். ஆடியோ டிராக் இருந்தால் அது தானாகவே பின், க்யூ ஜோடியாக எடுக்கும், இல்லையென்றால் ஐஎஸ்ஓ. வேகத்தைக் குறைத்து வைத்தால் கீறல் விழுந்த சிடியையும் ஓரளவு படிக்கும். டிஜிட், சிப் மாதிரி பத்திரிகைகளோடு வந்த சிடிகளையும் குப்பையில் போட வேண்டாம். அவற்றில் இருந்த டெமோக்களில் சில வேறெங்கும் என் கண்ணில் படவில்லை. யாரிடமாவது 2000க்கு முந்தியது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், சிவகாசிப் பக்கம் என்றால் நானே டிரைவோடு வந்து எடுத்துத் தருகிறேன்.