ஓடத்தான் செய்யுது

ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரை திலகர் திடல் சந்தைக்குள் போனால், தரையில் விரித்த சாக்குதான் கடை. பழைய ஸ்பானர், பிடி இல்லாத ரம்பம், நின்றுபோன கடிகாரம், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிக்கொத்து. இவற்றுக்கு நடுவில் நானும் மிக்ஸி, ஃபேன் என்று அடுக்கிவைத்துச் சில வருடங்கள் விற்றிருக்கிறேன். வாங்க வருகிறவர் குனிந்து ஜாரைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்பது ஒரே கேள்விதான்.

“ஓடுமாண்ணே?”

“ஓடும்ணே. போட்டுக் காட்டுறேன், பாருங்க.”

பக்கத்து டீக்கடையிலிருந்து இழுத்த வயரில் சொருகிப் போட்டுக் காட்டுவேன். ஓடும். காசு கைமாறும். அந்தப் பதிலில் பொய் எதுவும் கிடையாது. ஆனாலும் அதைச் சொல்வதை ஒருநாள் நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

நான் தொழிலுக்கு வந்தது 1996இல். பத்தாம் வகுப்பில் கணக்கு காலை வாரிவிட்டது. சிம்மக்கல் பக்கம் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டும் கடை வைத்திருந்த மாமா ஒருவரிடம் அப்பா கொண்டுபோய் விட்டார். முதல் ஆறு மாதம், எரிந்த மோட்டாரிலிருந்து பழைய கம்பியை உருவுவதும் எத்தனை சுற்று என்று எண்ணி நோட்டில் எழுதுவதும்தான் வேலை. சீலிங் ஃபேனுக்கு 36 கேஜ் கம்பி. தலைமுடியைப்போல இரண்டு மூன்று மடங்கு தடிமன், அவ்வளவுதான். எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து. மாமா வேண்டுமென்றே பேச்சுக் கொடுப்பார்.

கடையில் சோதித்துப் பார்க்க இருந்த ஒரே கருவி சீரியஸ் லேம்ப். ஒரு பலகை, அதில் ஒரு ஹோல்டர், ஹோல்டரில் 100 வாட் குண்டு பல்பு, பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட். கரண்ட் பல்பைத் தாண்டித்தான் பாயிண்டுக்குப் போக முடியும். பழுதான பொருளை அதில் சொருகினால் பல்பு ஜாடை காட்டும். பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட். எரியவே இல்லையென்றால் எங்கோ அறுந்திருக்கிறது. மங்கலாக எரிந்தால் காயில் பிழைத்துக்கிடக்கிறது. (அயர்ன் பாக்ஸுக்கும் கிட்டத்தட்ட பளிச்சென்றுதான் எரியும். அதைப் பார்த்து ஷார்ட் என்று சொல்லி முதல் மாதமே திட்டு வாங்கினேன்.) ஷார்ட்டே இருந்தாலும் ஃபியூஸ் போகாது, பல்பு தனக்கு மிஞ்சி கரண்டை விடாது. இவ்வளவு மலிவான, நாணயமான கருவி வேறு எனக்குத் தெரியாது. ஒரே குறை, கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

பிறகு செல்லூரில் தனியாகக் கடை போட்டேன். ரிப்பேர் வராத நாட்களில் பழைய இரும்புக் கடைக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். பேரீச்சம்பழத்துக்குப் போட்ட பொருள்களெல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வாரத்தில் மலைபோலக் குவியும். 2006இல் தொடங்கிய இலவசக் கலர் டிவிகள் அங்கே வந்தன. 2011 செப்டம்பரில் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியும் நாலைந்து வருடத்தில் பின்னாலேயே வந்தன. இரும்புக் கடைக்காரரின் தராசில் இரண்டு ஆட்சிகளையும் நான் எடைக்கு வாங்கியிருக்கிறேன்.

வீசப்பட்டவற்றில் நிறைய பொருள்களுக்குப் பெரிய வியாதி எதுவும் இருக்காது. மிக்ஸியின் அடியில் சின்னதாக ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். அளவுக்கு மீறிப் போட்டு அரைத்தால், மோட்டார் எரியாமல் இருக்க அது தட்டிவிடும். ஆறவிட்டு அழுத்தினால் மறுபடி ஓடும். அது தெரியாமலே எடைக்குப் போட்ட மிக்ஸிகள் என் கைக்கு வந்திருக்கின்றன. பொத்தானை அழுத்தியதும் உறுமிக்கொண்டு கிளம்புகிற மிக்ஸியைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் வராது, எதையோ திருடிவிட்ட மாதிரி இருக்கும். மற்றதெல்லாம் மோட்டாருக்குள் கரண்டைக் கடத்துகிற கார்பன் கட்டை தேய்ந்தது, ஜாரை மோட்டாரோடு இணைக்கிற கப்ளரின் பல் உடைந்தது. ஜாரின் அடியில் பிளேடைத் தாங்குகிற புஷ் தேய்ந்தால் மட்டும் கதை கொஞ்சம் நீளம். சட்னித் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கப்ளர் வழியாக மோட்டாருக்குள் இறங்கும், ஒருநாள் மோட்டார் புகையும், வீட்டில் எல்லோரும் மோட்டாரைத் திட்டுவார்கள். மோட்டாரை மட்டும் சரிசெய்து அதே ஜாரோடு கொடுத்தால் ஆறு மாதத்தில் அது திரும்பி வந்து நிற்கும்.

எல்.இ.டி. பல்பு ரிப்பேர் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வரிசையாகக் கோர்த்த சில்லுகளில் ஒன்று கருகினால் எல்லாமே அணையும். கருகியதன் மேல் ஈயம் வைத்து இணைத்துவிட்டால் எரியும், நாள்பட நிற்காது. பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க நல்ல விளையாட்டு.

ஃபேன் அப்படியில்லை. சித்திரை பிறந்துவிட்டால் மதுரையில் ஃபேன்தான் தெய்வம். வேகம் குறைந்துவிட்டது, கம்பால் தள்ளிவிட்டால்தான் சுற்றுகிறது என்று எடைக்குப் போட்ட ஃபேன்களில் பெரும்பாலும் போயிருப்பது, மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கண்டென்சர்தான். 2.5 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டியது ஒன்றரைக்கு இறங்கியிருக்கும். கட்டைவிரல் அளவுச் சாமான். அதை மாற்றி, 6201, 6202 என்று இரண்டு பேரிங்கையும் மாற்றிவிட்டால் புது ஃபேன் தோற்றுப்போகும். சிக்கல் எங்கே என்றால், இரும்புக் கடையில் இறக்கையைத் தனியாகக் கழற்றிவிடுவார்கள், அலுமினியத்துக்கு விலை வேறு. ஒரு ஃபேனின் மூன்று இறக்கையும் எடை பார்த்துச் சேர்த்த ஒரே செட். குவியலிலிருந்து ஏதோ மூன்றை எடுத்து மாட்டினால் ஃபேன் தலையாட்டும். இறக்கை தேடி அலுமினியக் குவியலில் நான் செலவழித்த மத்தியானங்களைச் சேர்த்தால் ஒரு வருடம் தேறும்.

காயில் எரிந்திருந்தால் பிளேடால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பேன். சிவப்பாகத் தெரிந்தால் செம்பு, வெளுப்பாகத் தெரிந்தால் அலுமினியம். அலுமினியம் என்றால் அப்படியே மூடித் தராசில் திருப்பி வைத்துவிடுவேன். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரியும் என்ற நினைப்பும் இருந்தது.

2017 வாக்கில் என்று நினைக்கிறேன். இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் ஒன்று எடைக்குக் கிடைத்தது. கல்லும் டிரம்மும் நன்றாக இருந்தன. பெல்ட் தளர்ந்திருந்தது, மாற்றினேன். கண்டென்சர் மாற்றினேன். வயர் இல்லை, இரும்புக் கடையில் எதையும் வயரோடு விட்டுவைக்க மாட்டார்கள், முதலில் அறுப்பது அதைத்தான். எர்த்துக்கும் சேர்த்து மூன்று கம்பி ஓடுகிற மூன்று கோர் வயர் அன்றைக்குக் கையில் இல்லை. இருந்த இரண்டு கோர் வயரில் இரண்டு பின் பிளக்கை மாட்டினேன். கசிகிற கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகிற எர்த் என்பது அன்றைக்கு எனக்கு, இருந்தால் நல்லது என்கிற கணக்கு. அனுப்பானடியில் மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிற அக்கா ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். போட்டுக் காட்டித்தான் கொடுத்தேன்.

பத்துப் பதினைந்து நாள் இருக்கும். வீட்டுக்காரர் டி.வி.எஸ். ஃபிஃப்டி ஓட்ட, பின்னால் கிரைண்டரை மடியில் வைத்துக்கொண்டு அந்த அக்கா கடை வாசலில் வந்து இறங்கினார்.

“என்னக்கா, ஓடலையா?”

“ஓடத்தான் செய்யுது தம்பி. கையைத்தான் வைக்க முடியலை.”

கத்தவில்லை. எப்போதும்போலத்தான் சொன்னார். ஈரக் கையால் மாவை வழித்துவிடும்போது கரண்ட் உதறியிருக்கிறது. தரையும் ஈரம், காலில் செருப்பும் இல்லை. பின்பக்கமாக விழுந்ததில் முழங்கை அடுப்புத் திண்டில் இடித்து வீங்கியிருந்தது. மகள் ஓடிவந்து சுவிட்சை அணைத்திருக்கிறாள். அவர் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் கடைக்குள் தொங்கிய ஃபேன்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மாவுப் பிழைப்பு நிற்கக் கூடாது என்று, புதிதாக ஒரு கிரைண்டரைத் தவணைக்கு எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு பழையதைச் சீரியஸ் லேம்ப்பில் மாட்டினேன். மங்கலாக எரிந்தது, சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு முனையைக் காயிலிலும் மறு முனையைப் பாடியிலும், அதாவது வெளிக்கூட்டிலும், வைத்தேன். பல்பு எரியவில்லை. குற்றமில்லை என்றது.

திறந்து பார்த்தேன். காயிலின் மேல் காய்ந்த மாவு, சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. டிரம்முக்கு நடுவிலிருந்து வருடக்கணக்காகக் கசிந்து இறங்கிய மாவுத்தண்ணீர். முதல்முறை திறந்தபோதும் அது அங்கேதான் இருந்தது. பார்த்தேன். பிரஷ்ஷால் தட்டிவிட்டு மூடினேன். மோட்டார் காய்ந்திருந்தவரை ஒன்றுமில்லை. தினமும் அரைக்க அரைக்க ஈரம் ஏறி, காயிலின் கரண்ட் கொஞ்சம் கொஞ்சமாகப் பாடிக்குக் கசிய ஆரம்பித்துவிட்டது.

பல்பு ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு அன்று ராத்திரிதான் உறைத்தது. 230 வோல்ட்டில் 100 வாட் பல்பு முழுசாக எரிய 430 மில்லி ஆம்பியருக்கு மேல் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் போனால் அதன் இழை சிவக்கக்கூடச் செய்யாது. கரண்ட் கசிந்தால் தானே அணைவதற்கு வீட்டில் ஆர்.சி.சி.பி. என்று மாட்டுகிறார்களே, அது கரண்டை நிறுத்துவது அந்த 30 மில்லி ஆம்பியரில். மனிதனுக்குப் பத்தைத் தாண்டினாலே தசை இறுகி, பிடித்த கையை விட முடியாமல் போகலாம். பல்புக்கு ஒன்றுமே இல்லாத அளவு, ஆளைக் கொல்லப் போதும். இருபது வருடம் அந்தப் பலகையை நம்பிப் பிழைத்தவன் இதை ஒரு தடவைகூட வகுத்துப் பார்த்ததில்லை. கணக்கு மறுபடியும் காலை வாரிவிட்டது.

அதற்குப் பிறகு, காயிலிலிருந்து கரண்ட் கசியுமா என்று அளந்து காட்டுகிற மெக்கர் ஒன்று வாங்கினேன். கையால் சுற்றுகிற பழைய மாடல், 500 வோல்ட். அதுவும் திலகர் திடலில்தான் கிடைத்தது, ஓடுமா என்று கேட்டுத்தான் நானும் வாங்கினேன். காயிலுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்தப் பொருள் கடையை விட்டுப் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். அந்தக் கிரைண்டரை மாட்டிச் சுற்றியபோது முள் பூஜ்யத்தை ஒட்டியே படுத்துக்கிடந்தது.

இப்போது எந்தப் பொருளும் மூன்று பின் இல்லாமல் போவதில்லை. எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: சொருகும்போது முதலில் தொடும், பிடுங்கும்போது கடைசியில் விடும். அதை ரம்பத்தால் அறுத்துவிட்டு இரண்டு ஓட்டைப் பாயிண்டில் சொருகுகிறவர்கள் இருக்கிறார்கள். பிளக்கே இல்லாமல் வயரை ஓட்டையில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்வேன். சிரிப்பார்கள். ஃபேனைத் தொங்கவிடும் ராடின் போல்ட் கழன்றுவிடாமல் தடுக்கிற ஸ்பிளிட் பின்னைப் போடாமல் கொடுப்பதில்லை; மேசையில் வைத்து ஓட்டும்போது அது இல்லாமலும் அழகாகச் சுற்றும் என்பதுதான் ஆபத்து. தண்ணீர் சுடவைக்கிற ஹீட்டர் ராடை எடுப்பதே இல்லை. நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு பாறையாகப் படிந்து, ராடின் குழாயில் மயிரிழை அளவு வெடித்தால் போதும், தண்ணீரே கரண்டாகிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மைக்ரோவேவும் வேண்டாம், உள்ளே 2,000 வோல்ட் கண்டென்சர். பழைய டிவியின் பிக்சர் டியூபில் அணைத்த பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும். கண்ணாடியில் ஈயமும் இருக்கிறது, உடைத்தும் போடக் கூடாது. மின்கழிவுக்கென்று 2012 மே முதல் விதிகள் இருக்கின்றன, 2023 ஏப்ரலில் புது விதிகளும் வந்தன. என் கடைப் பரணில் நாலு டியூப் இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன.

வருமானம் குறைந்தது, மறைப்பதற்கில்லை. முன்பு பத்துப் பொருள் எடுத்தால் ஏழெட்டு விற்றுவிடும். இப்போது பாதிக்கு மேல் பிரித்துப் பாகமாகப் போகிறது. “இப்படியெல்லாம் பார்த்தா சோறு திங்க முடியாதுண்ணே” என்றான் சந்தையில் பக்கத்துச் சாக்குக்காரன். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஃபேன் சுற்றுவதற்குக் காசு கொடுப்பார்கள். ஸ்பிளிட் பின்னுக்கும் எர்த் வயருக்கும் மெக்கர் சுற்றிய நேரத்துக்கும் யார் கொடுப்பார்கள்? “வயர் மாத்துனதுக்கா இவ்வளவு?” என்று கேட்டுவிட்டு அடுத்த சாக்குக்குப் போய்விடுவார்கள். அங்கே அதே ரக மிக்ஸி நூறு ரூபாய் குறைவு. ஓடவும் செய்யும்.

அந்தக் கிரைண்டரை எடைக்குப் போட மனம் வரவில்லை. காயிலை முழுவதும் உருவி, புதுக் கம்பி கட்டி, வார்னிஷ் போட்டு, இரண்டு நாள் பல்புச் சூட்டில் காயவைத்தேன். டிரம் சீல் மாற்றினேன். மூன்று கோர் வயர். மெக்கர் முள் மறுகோடிக்குப் போய் நின்றது. விற்கலாம்தான். விற்கவில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வாரத்தில் இரண்டு நாள் என் மனைவி அதில்தான் மாவு அரைக்கிறாள். அவள் சுவிட்சைப் போடும் நேரம் நான் எங்கே இருந்தாலும் எழுந்து சமையலறை வாசலில் போய் நிற்கிறேன்.

“இன்னுமா நம்பிக்கை வரலை?” என்கிறாள், மாவை வழித்துக்கொண்டே.

“செருப்பைப் போட்டுக்க” என்கிறேன்.