மணிமேகலை 27-ஆம் காதைய காமிக்ஸா வரைஞ்ச அனுபவம்

பினாங்குல ஒரு காலேஜ்ல அக்கவுண்டிங் டிகிரி படிக்கிறேன். அதிகம் பேசமாட்டேன், நோட்டு ஓரமெல்லாம் முகமா வரைஞ்சு வச்சிருப்பேன், மனசு எப்பவும் உயிர்னா என்ன, ஒன்னு உண்மைன்னு எத வச்சு சொல்றோம்னு இதுலயே ஓடிக்கிட்டு இருக்கும். டிகிரி பண்ற மலேசியப் பிள்ளைங்க எல்லாரும் பல்சாபா டான் இசு செமாசான்னு (தத்துவமும் நடப்புப் பிரச்சினைகளும்) ஒரு பாடம் எடுத்தே ஆகணும், நெறைய பேருக்கு அது வெறும் கிரெடிட், எனக்கு அந்த செமஸ்டர்லயே பிடிச்ச க்ளாஸ் அதான்.

ப்ராஜெக்ட் எந்த வடிவத்துலயும் செய்யலாம்னு லெக்சரர் சொன்னதும் மணிமேகலை 27-ஆம் காதைன்னு எழுதிக் குடுத்துட்டேன். அதுல மணிமேகலை வஞ்சி நகருக்குப் போயி அளவைவாதியில (எத எப்படி அறியுறோம்னு வழிகள வகுத்துச் சொல்றவர்) ஆரம்பிச்சு சைவவாதி, ஆசீவகன், நிகண்டன் (சமணர்), சாங்கியன், பூதவாதின்னு வேற வேற கொள்கைக்காரங்க ஒவ்வொருத்தர்கிட்டயா போயி உங்க கொள்கை என்னன்னு கேக்குறா. ஆனா சின்னப் பொண்ணா போனா சொல்லமாட்டாங்கன்னு துறவி வேஷத்துல போக வேண்டியிருக்கு. இத படிச்சப்ப எனக்குக் கோவமே வந்துருச்சு, அதனால முதல் பக்கம் முழுக்க அவ வேஷம் மாத்துறத மட்டும்தான் வரைஞ்சேன்.

மூலம் மதுரைத் திட்டம்ங்கிற இணைய நூலகத்துல இலவசமா கிடைக்குது, ஆனா வெறும் மூலத்த வச்சுக்கிட்டு ஒன்னும் பண்ண முடியாது. ந.மு. வேங்கடசாமி நாட்டாரும் ஔவை துரைசாமிப் பிள்ளையும் எழுதுன உரைய எஸ்பிஎம்ல (இங்க பள்ளி முடிவுல எழுதுற பரீட்சை) எனக்கு இலக்கியம் எடுத்த ஐயா குடுத்தாரு, குளுகோர்ல அவர் வீட்டு வாசல்ல உக்காந்து வரி வரியா படிச்சோம். "புரியலன்னா தாண்டாதம்மா, படமா போட்டுப் பாரு"ன்னாரு. அதுக்கப்புறம்தான் வேலை ஓடுச்சு, ஏன்னா படமா போடணும்னா யாரு எத வச்சு என்ன சொல்றாங்கன்னு முடிவு பண்ணியே ஆகணும், மழுப்ப முடியாது.

வஞ்சிய நம்ம பினாங்கு லெபோ பாசார் தெருப் பக்கம் கொண்டு வந்துட்டேன், ஒவ்வொரு வாதியும் அஞ்சடியில (கடைகளுக்கு முன்னால இருக்கிற நடைபாதை) ஒரு கடை வாசல்ல உக்காந்திருக்காங்க. அளவைவாதி அனுமானத்துக்கு, அதாவது தெரிஞ்சத வச்சுத் தெரியாதத ஊகிக்கிறதுக்கு, உதாரணம் சொல்றப்ப, வெள்ளத்தப் பாத்து மேல மழை பேஞ்சிருக்குன்னு சொல்றது ஒன்னு, கருத்த மேகத்தப் பாத்து மழை வரும்னு சொல்றது ஒன்னு. புக்கிட் பெண்டேரா மலை மேல மேகம் கூடுனா ஆயர் ஈத்தாம்ல துணிய எடுக்க ஓடுற எங்க பாட்டிதான் அந்தக் கட்டத்துல இருக்காங்க. ஆசீவகனுக்கு கலர் நானே யோசிக்க வேண்டியதில்ல, கருப்பு, கருநீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளைன்னு 6 பிறப்பு அவங்க கொள்கையிலயே இருக்கு.

ரொம்ப நாள் இழுத்தது பூதவாதிதான். கண்ணால பாக்குறத மட்டும்தான் நம்புவேன், தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் சேந்தா போதை பொறக்குற மாதிரி நிலம், நீர் மாதிரியான பூதங்கள் சேந்தா உணர்வு பொறக்குது, மறுபிறப்பு எல்லாம் கிடையாதுங்கிறான். அப்ப உன் அப்பா அம்மா இவங்கதான்னு அனுமானம் இல்லாம எப்படித் தெரியும்னு மணிமேகலை திருப்பிக் கேக்குறா. செம கேள்வி, ஆனா அது அவன் அறியுற வழியத்தான் ஒடைக்குது, உணர்வு எப்படி வருதுன்னு அவன் சொன்னது அப்படியே நிக்குதுன்னுதான் எனக்குத் தோணுது. அதனால அவன முட்டாளா வரையல, அவ கேட்டதுக்கப்புறம் ரெண்டு பேரும் யோசிக்கிற மாதிரி ஒரு முழுப்பக்கம் விட்டேன்.

ப்ரெசெண்டேஷன் அன்னிக்கு பலூன்ல இருந்த தமிழுக்குக் கீழ மலாய்லயும் எழுதி எடுத்துட்டுப் போனேன். கடைசில யார் சொல்றதுதான் சரின்னு ஒரு சீனப் பையன் கேட்டான். பாதிப் பேருக்கு மேல மணிமேகலை பதிலே சொல்லல, முழுசா கேட்டுட்டு அடுத்தவர்கிட்ட போயிடுறா, அதுதான் எனக்குப் பிடிச்சதுன்னேன், வழக்கமா ரெண்டு நிமிஷத்துல உக்காந்துடுற நான் அன்னிக்கு பெல் அடிக்கிற வரைக்கும் பேசிட்டிருந்தேன்.

இப்ப 29-ஆம் காதை ஆரம்பிச்சிருக்கேன். பக்கம் (நிரூபிக்க வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (உதாரணம்)னு வாதத்த எப்படிக் கட்டுறதுன்னு அதுல இருக்கு, மலையில புகை இருக்கு அதனால நெருப்பு இருக்கு அடுக்களை மாதிரின்னு வர்ற உதாரணத்தத்தான் முதல்ல வரையிறேன், அடுத்து போலிகள், அதாவது சரி மாதிரி தெரியுற தப்பான வாதங்கள். இத நேரா எடுத்தா தலை சுத்தும், 27-ல அளவைவாதி சொல்றத படிச்சிட்டு அப்புறம் இதுக்கு வாங்க.