யுத்தத்தை நிறுத்தச் சொல்லி ஒரு மகஜர்: இரண்டு வருட அலைச்சல்

நான் ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு, காணி உறுதி, இவைதான் வழக்கமாக என் மேசைக்கு வருபவை. 2023 டிசம்பரில் காஸா யுத்தம் வந்தது. கொண்டுவந்தவர் எங்கள் சந்தியில் பாமசி வைத்திருக்கும் நானா.

கையில் ஆங்கிலத்தில் அச்சடித்த இரண்டு தாள். "சேர், இதத் தமிழ்லயும் சிங்களத்திலயும் ஆக்கித் தாங்க. காசு எவ்வளவென்டு செல்லுங்க" என்றார். அதற்கு முந்தின மாதக் கடைசியில் அமெரிக்காவின் ஓக்லண்ட் நகர சபை, காஸாவில் யுத்தத்தை நிறுத்த வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டிருந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகன் அதை வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். அங்கே ஒரு நகர சபை செய்ததை இங்கே எங்கள் சபை ஏன் செய்யக்கூடாது என்பது நானாவின் கேள்வி. எந்தச் சபை என்று நான் சொல்லப் போவதில்லை. கொழும்பு மாநகர எல்லையைத் தாண்டியதும் வருகிற சபைகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பை ஒரே இரவில் முடித்துவிட்டேன். காசு வாங்கவில்லை. பதிலுக்குப் பிரஷர் குளிசையில் விலைக்கழிவு கிடைத்தது, இன்றுவரை கிடைக்கிறது.

அடுத்த நாள் சபைக் கந்தோருக்குப் போனோம். அங்கிருந்த உத்தியோகத்தர் தாளை முழுவதும் வாசித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "தீர்மானம் போடுறதுக்கு முதல்ல சபை வேணுமே." சரிதான், எங்களுக்கு அது உறைக்கவே இல்லை. நாட்டின் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் அந்த ஆண்டு மார்ச்சிலேயே முடிந்திருந்தது. மார்ச் 9இல் நடக்க வேண்டிய தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போனது. குப்பை அள்ளுவதும் லைட் போடுவதும் உத்தியோகத்தர்களின் கையில் நடந்துகொண்டிருந்தன. தீர்மானம் போட மட்டும் ஆளில்லை.

ஆக, மகஜர் ஒன்றரை வருடம் என் லாச்சிக்குள் கிடந்தது. அதற்குள் சான் பிரான்சிஸ்கோ சபை எட்டுக்கு மூன்று என்ற வாக்கில் நிறைவேற்றியது. 2024 ஜனவரி 31இல் சிக்காகோவில் வாக்குகள் 23க்கு 23 என்று சமமாக நின்று, மேயர் பிராண்டன் ஜோன்சன் தன் வாக்கைப் போட்டுத் தீர்மானத்தைக் கரைசேர்த்தார். இடையில் கூச்சல் கூடி, பார்வையாளர்களை வெளியே அனுப்பித்தான் கூட்டத்தை நடத்தியிருக்கிறார்கள். நானா ஒவ்வொன்றையும் பிரதி எடுத்துக் கோவையில் சேர்த்துக்கொண்டே வந்தார்.

2025 மே 6இல் தேர்தல் நடந்தது, ஜூனில் சபை கூடியது. நாங்களும் கோவையைத் தூசு தட்டினோம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதே வேலைக்கு இறங்குபவர்களுக்கு உதவும். பொதுமகன் ஒருவர் சபையில் நேரடியாகப் பிரேரணை கொண்டுவர முடியாது. உறுப்பினர் ஒருவர் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். உறுப்பினர்களில் அறுபது வீதம் வட்டாரத்தில் வென்றவர்கள், நாற்பது வீதம் கட்சிப் பட்டியலில் வந்தவர்கள். வட்டார மெம்பருக்கு வடிகானும் லைட்டும்தான் உயிர். வெளிநாட்டு யுத்தம் என்றதும் "ஆட்கள் கேட்கினமா?" என்றுதான் முதலில் கேட்பார். எங்களவரும் அதையே கேட்டார். ஆட்கள் கேட்கிறார்கள் என்று காட்ட, கையெழுத்து வேட்டை தொடங்கியது.

இதில் முதல் பிழை என்னுடையது. ஆர்வக் கோளாறில் வெள்ளவத்தைக்குப் போய், தெரிந்த தொடர்மாடிகளில் ஏறி இறங்கி 180 கையெழுத்துக்கு மேல் வாங்கி வந்தேன். மெம்பர் முதல் தாளைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். வெள்ளவத்தை ஆட்கள் சோலைவரி கட்டுவது கொழும்பு மாநகர சபைக்கு. எங்கள் சபைக்கு அவர்கள் யாரோ எவரோ. மூன்று பின்னேரம் வீண்.

இரண்டாவது பிழையும் அந்தத் தாளில்தான் இருந்தது. பெயர், முகவரிக்குப் பக்கத்தில் அடையாள அட்டை இலக்கத்துக்கு என்று ஒரு நிரல் போட்டிருந்தேன். உத்தியோகத் தாள் என்றால் அப்படித்தான் இருக்கும் என்ற பழக்கதோஷம். நாலாம் மாடியில் ஓர் அம்மா. எழுபது வயதிருக்கும். பேனையைக் கையில் எடுத்துவிட்டார், அந்த நிரலைக் கண்டதும் மூடியைத் திரும்ப மாட்டினார்.

"தம்பி, ஐ.சி. நம்பர் என்னத்துக்கு? இதை ஆரிட்டக் குடுக்கப் போறியள்?"

சபைக்கு என்றேன். "சபையில இருந்து எங்க போகும்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. 2007 ஜூனில் ஒரு விடியற்காலை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பிய கதை இந்தப் பகுதிக்கு மறக்கக்கூடியதல்ல. மறுநாளே உயர் நீதிமன்றம் தடுத்தது, அது வேறு. ஆனால் அன்று யாருடைய பெயர் எந்தத் தாளில் இருந்தது என்பதைத்தான் சனம் நினைவில் வைத்திருக்கிறது. அம்மா எனக்குத் தேத்தண்ணி தந்தார். கையெழுத்துத் தரவில்லை.

எங்கள் பகுதிப் பள்ளிவாசல் வாசலிலும் இதே கதைதான், காரணம் மட்டும் புதிது. 2025 மார்ச்சில் கொழும்பில் இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டியதற்காக ஓர் இளைஞரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடித்திருந்தார்கள். ஜும்ஆ முடிந்து வந்த பொடியன்கள் காஸா என்றதும் ஓடிவந்தார்கள், நிரலைக் கண்டதும் செருப்பைத் தேடினார்கள். அன்றிரவே தாளை மாற்றினேன். பெயர், வீதி, கையெழுத்து. அவ்வளவுதான். அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமைகளில் நானூற்றைத் தாண்டியது.

வழிமொழிய ஒருவர் வேண்டும். சபையில் ஒரு தமிழ் உறுப்பினர் இருந்தார், பட்டியலில் வந்தவர். அவர் வீட்டுக்கு நானும் நானாவும் போனோம். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு நானாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: "2009இல எங்கட சனத்துக்காக எந்தச் சபை அண்ணை கை தூக்கினது?"

கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. நானா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் வந்தது, அதைச் சொன்னேன். 2009 மே 10, டொரண்டோவில் தமிழ்ச் சனம் கார்டினர் அதிவேகப் பாதையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதை நாங்கள் கொழும்பில் பார்த்தோம். டீவியின் சத்தத்தை அடியோடு குறைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு. சின்னம்மா அப்போது வன்னியில். உயிரோடு இருக்கிறாவா இல்லையா தெரியாது. அம்மா திரைக்குக் கிட்டப் போய் நின்று, ரோட்டில் இருந்த ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தா. "ஆரும் தெரிஞ்ச ஆக்களோ?" என்று கேட்டேன். "இல்லை. சும்மா பாக்கிறன்" என்றா. யுத்தம் அதனால் ஒரு மணித்தியாலம்கூட நிற்கவில்லை.

உறுப்பினர் ஒன்றும் பேசவில்லை. பேனையை எடுத்து, வழிமொழிபவர் என்ற இடத்தில் கையெழுத்து வைத்தார்.

அறிவித்தலைக் கொடுத்தோம், ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. "சபையின் அதிகாரத்துக்குள் அடங்காது" என்று ஒரு வரி. சட்டப்படி அதில் நியாயம் உண்டு. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் பட்டியல்களைப் பார்த்தால், உள்ளூராட்சி மாகாணப் பட்டியலில் இருக்கிறது, வெளிநாட்டு அலுவல்கள் மத்திக்கென்று ஒதுக்கிய பட்டியலில் இருக்கிறது. நானா சிக்காகோக் கோவையைத் தூக்கிக்கொண்டு தவிசாளரிடம் ஓடினார். ஹிரோஷிமா மேயர் 1982இல் தொடங்கிய சமாதானத்துக்கான மேயர்கள் அமைப்பைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். தவிசாளர் சிரித்துவிட்டு, "சிக்காகோவில குப்பை அள்ளி முடிஞ்சிருக்கும், அதுதான் நேரம் இருந்திருக்கு" என்றாராம். நல்ல மனிதர்தான். ஆனால் பிற நாட்டு உதாரணம் இங்கே வேகாது என்பது அன்றே விளங்கிவிட்டது.

அப்புறம் நான் என் தொழிலைக் காட்டினேன். மகஜரின் பாஷையை முழுவதும் மாற்றினேன். "சபை தீர்மானிக்கிறது" என்று இருந்த இடத்திலெல்லாம் "அரசாங்கத்தைக் கேட்டுக்கொள்கிறது" என்று போட்டேன். அபிப்பிராயம் சொல்வதற்கு நிதி ஒதுக்கத் தேவையில்லை, யாரையும் கட்டுப்படுத்தவும் செய்யாது. தொடக்கத்தில் ஒரு பந்தி சேர்த்தேன்: 2023 டிசம்பர் 12இல் ஐ.நா. பொதுச் சபையில் யுத்த நிறுத்தம் கோரிய தீர்மானத்தை 153 நாடுகள் ஆதரித்தன, இலங்கை அவற்றில் ஒன்று. நாடு ஏற்கெனவே சொன்னதைத்தான் சபையும் சொல்கிறது, வெளிநாட்டுக் கொள்கையில் கைவைக்கவில்லை. இன்னொரு பந்தி, இஸ்ரேலில் வேலை செய்யும் இலங்கையரைப் பற்றி. 2023 ஒக்டோபர் 7 தாக்குதலில் இறந்தவர்களில் இருவர் இலங்கையர். பண்ணைகளில் வேலைக்கென்று அதற்குப் பிறகும் ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பாதுகாப்பு எங்கள் பகுதிக் குடும்பங்களின் விஷயமல்லவா? இந்தப் பந்தி நானாவுக்குப் பிடிக்கவில்லை. "சேர், அங்க புள்ளைகள் சாகுது, நீங்க வேலைக்குப் போன ஆக்களப் பத்திப் பேசுறீங்க" என்றார். இருக்கட்டும் நானா என்றேன். இருந்தது.

"கண்டிக்கிறது" என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது. மூன்றும் "ஆழ்ந்த கவலை தெரிவிக்கிறது" ஆனது. அதை நான் விரும்பிச் செய்யவில்லை.

செப்டெம்பர் கூட்டம். சந்தைக் கடை வாடகைக்கும் மயானத்து லைட்டுக்கும் இடையில் எங்கள் பிரேரணை. பார்வையாளர் ஆசனத்தில் நானும் நானாவும் மட்டும், வாய் திறக்க அனுமதியில்லை. மெம்பர் முன்மொழிந்தார், தமிழ் உறுப்பினர் வழிமொழிந்தார். உடனே மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். யுத்த நிறுத்தத்துக்குச் சிங்களத்தில் "சட்டன் விராமய" என்று நான் எழுதியிருந்த சொல்லை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். 2002இல் புலிகளோடு இதே சொல்லை நம்பி என்ன கிடைத்தது என்றார். 2009 ஏப்ரலில் பிரிட்டிஷ், பிரெஞ்சு வெளிநாட்டு அமைச்சர்கள் மிலிபேண்டும் குஷ்னரும் கொழும்புக்கு வந்து யுத்தத்தை நிறுத்தச் சொன்னபோது நாங்கள் கேட்டோமா, இப்போது மற்றவனுக்கு நாங்கள் எந்த வாயால் சொல்வது என்று கேட்டார்.

மண்டபத்தில் காற்றாடிச் சத்தம் மட்டும். எங்கள் தமிழ் உறுப்பினர் முன்னாலிருந்த நிகழ்ச்சி நிரலை நாலாக மடித்துக்கொண்டிருந்தார். உள்ளுக்குள் எனக்குத் தோன்றியது இதுதான்: இருவர் கேட்டதும் ஒரே ஆண்டைப் பற்றிய ஒரே கேள்வி, எதிரெதிர்த் திண்ணையிலிருந்து.

முடிச்சை அவிழ்த்தவர் எதிர்பாராத ஆள். பின்வரிசையிலிருந்த ஒரு சிங்கள வட்டார உறுப்பினர், அதுவரை கான் மூடியைத் தவிர வேறொன்றுக்கும் வாய் திறக்காதவர். எழுந்து நிற்காமலே பேசினார். தன் அக்காவின் மகன் அங்கே ஒரு பண்ணையில் இருக்கிறான், சைரன் அடித்தால் பதுங்கு அறையிலிருந்து அக்காவுக்கு வீடியோ கோல் எடுக்கிறான், அக்கா இரவில் நித்திரை கொள்வதில்லை. "எனக்கு அரசியல் தெரியாது. அது நின்றால் போதும்." அவ்வளவுதான் பேச்சு. நானா என் தொடையை அழுத்தினார்.

கை தூக்கி வாக்கெடுப்பு. எதிர்த்தவர்கள் ஆறு பேர். அந்த நேரம் பார்த்து தேநீர் குடிக்க வெளியே போனவர்கள் அதைவிடக் கூட. நிறைவேறியது.

முடிந்தது என்றுதான் நினைத்தோம். கூட்டக் குறிப்பை அடுத்த கூட்டத்தில் உறுதிப்படுத்திய பிறகுதான் கடிதம் போகுமாம். அடுத்த கூட்டத்துக்கு ஒரு மாதம். அதற்கு முன்னே, ஒக்டோபர் 10, காஸாவில் யுத்த நிறுத்தம் அமுலுக்கு வந்துவிட்டது.

கூட்டக் குறிப்பு உறுதியான பிறகு சபை எழுதுவினைஞர் எனக்கு அழைப்பெடுத்தார். "சேர், யுத்தம் நின்றுவிட்டதாமே. கடிதம் அனுப்பவா, வேண்டாமா? வசனத்தை மாற்றவா?" மாற்றுவதென்றால் திருத்தப் பிரேரணை, மறுபடி அறிவித்தல், மறுபடி கூட்டம். நானாவிடம் கேட்டேன். மருந்து எண்ணிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "அனுப்பச் செல்லுங்க சேர்." அந்த மாதம் 28ஆம் திகதி மறுபடி குண்டு விழுந்தது.

மூலப் பிரதி பதிவுத் தபாலில் கொழும்பு ஒன்றுக்கு, வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சுக்குப் போனது. ஐ.நா. அலுவலகத்துக்கான பிரதியை நானே பௌத்தாலோக மாவத்தைக்குக் கொண்டுபோனேன். வாசலில் பாதுகாப்பு ஊழியர் உறையை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, பெரிய பதிவுப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். திகதி, நேரம், பெயர், அடையாள அட்டை இலக்கம்.

எழுதினேன்.